நிலாக்காரன் இல்லேன்னவன்

ஒரு ஊர்ல ஒரு சுமைக்காரன் இருந்தானாம், பேரு ஷிஜா. இந்த ஊர் இல்லடி தேனு, ஆப்பிரிக்கா. காலை ஆட்டாதே, சொல்றேன்ல? உங்கம்மா வந்தா கேட் சத்தம் எனக்கும் கேக்கும்.

அவன் பொண்டாட்டி லிமி மாசமா இருந்தா. இவன் யானைத் தந்தத்தைத் தோள்ல வச்சு, அதுல மணி கட்டி, டிங் டிங்னு சுமைக்காரங்க கூட்டத்தோட மாசக்கணக்கா நடந்து கடற்கரைக்குப் போனான். போன எடத்துல காய்ச்சல். கூட வந்தவங்க இவனை விட்டுட்டு ஊர் திரும்பிட்டாங்க. "ம்" கொட்டுடி.

"ம்."

தனியாப் போனா சிங்கம் விடாது. மழை பிடிச்சா யாருமே கிளம்ப மாட்டாங்க. புள்ள பொறக்கறதுக்குள்ள போகணுமேன்னு இவனுக்கு இருப்பே கொள்ளல. அப்போ ஒரு கூட்டம் கிளம்புச்சு. அதோட தலைவன் கடற்கரைக்காரன். நீ நியாம்வேசியா, சுமக்கறதுல பேர்போன அவங்களுக்குத்தான் சுமை குடுப்பேன்னான். இவன் அந்தப் பேரையே கேட்டதில்ல. இல்லீங்க, நான் இகோம்பே ஊர்க்காரன்னான். அப்போ போடான்னுட்டான்.

அப்புறம் ரெண்டாவது கூட்டம். அதே கேள்வி, அதே பதில்.

"ஆமான்னு பொய் சொல்லலாம்ல சித்தி?"

உனக்கு வர்றது அவனுக்கு வரலையே. அப்புறம் கடைசிக் கூட்டம். வானம் கருகருன்னு நிக்குது. இங்கயும் இல்லேன்னுட்டுத் தலையில கை வச்சு உக்காந்துட்டான். அப்போ ஒருத்தன் கால்ல மூட்டை தொப்புனு விழுந்துது. அவன் தன் பாஷையில அம்மாடின்னு கத்தினான் பாரு, அது ஷிஜாவோட ஊர்ப் பேச்சு. அடிபட்டா சொந்தப் பேச்சுதானே வாயில வரும்?

ஷிஜா ஓடிப்போய், நீ நம்மாளாச்சே, உன்னை மட்டும் எப்படிச் சேத்துக்கிட்டாங்கன்னான்.

"கூறுகெட்டவனே, நாமதான்டா நியாம்வேசி. பிறை தெரியற மேற்குப் பக்கத்துலேருந்து வர்றோமாம். நிலாக்காரங்கன்னு இந்தக் கடற்கரைக்காரங்களா வச்ச பேரு."

ஷிஜா தலைவன்கிட்ட ஓடி, நானும் நியாம்வேசிதான்னான். இப்பதானே நீ இல்லேன்னேன்னு தலைவன் நம்பல. ஷிஜா துணியை விலக்கித் தோளைக் காட்டினான். தந்தம் சுமந்து சுமந்து காய்ச்சுப்போன தோள். தலைவன் தொட்டுப் பார்த்துட்டு, ஒரு மூட்டையை ஏத்திவிட்டான்.

அப்புறம் நட நடன்னு நடந்து வீட்டு வாசலுக்கு வந்தா, உள்ள குவா குவா. லிமி தினமும் அவனுக்கும் சேர்த்துக் களி கிண்டி வச்சு, வழியப் பார்த்துப் பார்த்து அழுதவ.

"லிமி, நாம யாரு தெரியுமா? நிலாக்காரங்களாம்"ன்னான்.

அவ புள்ளையத் தூக்கி அவன் கையில குடுத்தா.

"நிலாவாவது கிலாவாவது. களி ஆறுது, உள்ள வா."

கதை வீடு சேர்ந்துது, நீ தூக்கம் சேரு. உங்கம்மாவுக்கும் தட்டு மூடி வச்சிருக்கேன்டி.