ஆரோனை நிறுத்தும் கை

"ஆரோனை எடுத்துடுங்க மாஸ்டர்," என்றான் பரிதி.

செலின் மாஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ட்ராம்போனின் நீளக் குழாயைக் கழற்றி மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பா வாசிக்கிறாரா?"

"இல்ல."

"சுருதி விலகுதா?"

"இல்ல."

"ஒத்திகைக்கு லேட்டா வர்றாரா?"

"எனக்கு முன்னாடியே வந்து உக்காந்துடுறார்."

"அப்புறம் என்ன?"

பரிதி நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தான்.

"நல்லா வாசிக்கிறார்."

"அது பெரிய குத்தம்தான்," என்றார் மாஸ்டர். பிறகு, "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

பரிதி ராக் பாட்டுக்காரன். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிடாரை மாட்டிக்கொண்டு தானே பாடுகிறவன். பாடுகிறான் என்பதைவிடக் கத்துகிறான் என்றுதான் சொல்வார்கள். அவனைப் பிடிக்காதவர்கள் அப்படிச் சொன்னார்கள். பிடித்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் ஆசையாக.

அவனுடைய ஒரு பாட்டு ஊரெல்லாம் தெரியும். 'போன ரயில் போகட்டும், நான் நடந்தே வர்றேன்' என்று தொடங்கும். கல்லூரி விழாக்களில் அவன் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தைக் கூட்டம் பாடிவிடும். அதற்குப் பிறகு அவன் எழுதிய எதுவும் யார் வாயிலும் ஒட்டவில்லை. சில வருடங்களாக எழுதவும் வரவில்லை. கணக்குப் பார்த்தால் அந்த ஒரு பாட்டுதான் அவனிடம் மிச்சம் இருந்தது.

செலின் மாஸ்டர் பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவை நடத்திவந்தார். ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன் என்று வரிசை வரிசையாக ஊதுகிறவர்கள், பின்னால் ட்ரம்ஸ். மாஸ்டர் பரிதியைவிட வயதில் சின்னவர். அதைப் பார்க்காமல் அவன் போய், "உங்க ஆளுங்களோட சேர்ந்து பாடணும், கத்துக்குடுங்க," என்று கேட்டிருந்தான். அவரும் அந்த ரயில் பாட்டைப் பதினெட்டுப் பேருக்கும் பிரித்து எழுதிக் கொடுத்தார். பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஒத்திகை. மாதக் கடைசியில் பெரிய அரங்கில் கச்சேரி.

ஆரோன் எழுந்து நிற்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் நடுவே ஒருவர் எழுந்து நிற்பார். தாளில் எழுதாத எதையோ, அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை வாசிப்பார். அதற்குச் சோலோ என்று பெயர். மற்றவர்கள் அடிக்குரலில் அவரைத் தாங்கிக்கொண்டே இருப்பார்கள். இவ்வளவு நேரம்தான் என்று கிடையாது. ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் தன் உச்சந்தலையைத் தட்டிக் காட்டுவார். காட்டியதும் அத்தனை பேரும் பல்லவிக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஆரோன் ஐம்பதைத் தாண்டியவர். மீசைக்கு மட்டும் மை தடவுவார், தலையை விட்டுவிடுவார். கல்யாண பேண்டுகளில் சாக்ஸபோன் வாசித்துப் பழகியவர். முந்தின நாள் ஒத்திகையில் கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு எழுந்தார். வாசித்தார்.

முடிந்தபோது ஒலிபெருக்கிக்காரர் தன் பெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இந்தப் பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன் சார். இன்னைக்குத்தான் அழுகை வந்துச்சு."

பரிதியைத் தாண்டிப்போய் அதை ஆரோனிடம் சொன்னார்.

பரிதிக்குத் தன் வீட்டில், தன் தட்டில், வேறொருவர் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்ப்பது போல இருந்தது. போதாக்குறைக்கு டீ இடைவேளையில் ஆரோன் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாட்டு எதைப் பத்தி சார்?"

ஊரே மனப்பாடமாகச் சொல்லும் பாட்டு. பரிதி டீயை ஊதினான்.

"ரயிலைப் பத்தி."

"ஓ," என்று தலையாட்டிவிட்டு ஆரோன் இன்னொரு பஜ்ஜி எடுக்கப் போனார்.

அன்று வீட்டுக்குப் போய் ஆரோன் வாசித்த கல்யாண வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தான் பரிதி. ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்தது. கிடைக்கவில்லை. அதனால்தான் மறுநாள் காலையிலேயே மாஸ்டரிடம் வந்து நின்றான்.

மாஸ்டர் டீக்குச் சொல்லிவிட்டு, குழாயைத் திரும்ப ட்ராம்போனில் மாட்டினார்.

"எடுக்க மாட்டேன்," என்றார். "வேற ஒண்ணு செய்யலாம். ஆரோனை எப்ப நிறுத்தணும்னு இதுவரைக்கும் நான்தான் காட்டினேன். இனிமே நீங்க காட்டுங்க."

"நானா?"

"உங்க பாட்டுதானே."

"எப்ப வேணா தட்டலாமா?"

"எப்ப வேணா."

"கச்சேரியிலயும்?"

"கச்சேரியிலயும். நீங்க தட்டாம அவர் நிறுத்த மாட்டார். நீங்க தட்டினா ஒரு மூச்சு கூட அதிகமா வாசிக்க மாட்டார்."

பரிதிக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

அன்றைய ஒத்திகையில் ஆரோன் எழுந்தார். கண்ணை மூடி ஒரு சின்ன வரி வாசித்தார். அடுத்த வரிக்கு மூச்சு இழுத்தார்.

பரிதி உச்சந்தலையைத் தட்டினான்.

மற்றவர்கள் பல்லவிக்குத் திரும்பினார்கள். ஆரோன் இழுத்த மூச்சை வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மறுபடி ஒரு தடவை. இந்த முறை பாதி வரியிலேயே தட்டினான்.

கடைசித் தடவை ஆரோன் எழுந்திருக்கும்போதே தட்டினான். அவர் பாதி எழுந்து அப்படியே உட்கார்ந்தார்.

ட்ரம்ஸ்காரர் குனிந்து தன் குச்சிகளை ரொம்ப நேரம் ஆராய்ந்தார்.

ஆனால் பாட்டு எப்படியோ இருந்தது. ஒரு பல்லவி முடிந்ததும் இன்னொரு பல்லவி. வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவன் மாதிரி. பரிதி எவ்வளவு கத்தியும் பாட்டு மேலே ஏறவில்லை. ட்ரம்ஸ்தான் சரியில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

ஒத்திகை முடிந்ததும் மாஸ்டரிடம் கேட்டான்.

"ஆரோன் கோவமா இருக்காரா?"

"அவரையே கேளுங்க."

ஆரோன் சாக்ஸபோனைப் பெட்டிக்குள் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். பரிதி பக்கத்தில் போய் நின்றான்.

"என்மேல கோவமா சார்?"

"எதுக்கு?" என்றார் ஆரோன். "பாட்டு உங்களுது."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரிதிக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒருவரைப் பிடிக்காமல் இருப்பதற்கு அவர் கொஞ்சமாவது ஒத்துழைக்க வேண்டும். இந்த ஆள் அதற்கும் வழிவிடவில்லையே என்று எரிந்துகொண்டே படி இறங்கினான்.

கச்சேரி நாள் வந்தது. அரங்கம் நிரம்பி, பக்கச் சுவர் ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள்.

ரயில் பாட்டு கடைசியில். பரிதி முதல் சொல்லைச் சொன்னதும் கூட்டம் எழுந்தது. பின்னாலிருந்து பதினெட்டுப் பேரும் வாசித்தார்கள். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இதற்காகத்தானே வந்தோம் என்று நினைத்தான் பரிதி.

ஆரோன் எழுந்தார்.

செலின் மாஸ்டர் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

ஆரோன் வாசித்தார். எழுந்து நின்ற கூட்டம் ஒவ்வொருவராக உட்கார்ந்தது. முன்வரிசையில் பரிதியின் பெயர் போட்ட சட்டையோடு வந்திருந்த ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். அவனுடைய எல்லாக் கச்சேரிக்கும் வருகிறவள். அவன் பாடும்போது அவள் ஒரு தடவைகூடக் கண்ணை மூடியதில்லை.

பரிதியின் கை மேலே போனது. காது வரைக்கும் போய்விட்டது.

அப்போதுதான் பார்த்தான். ஆரோன் கண்ணைத் திறந்துகொண்டு வாசித்தார். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பரிதியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் வேகமாக வேறு வாசித்தார். எப்போது வெட்டுவான் என்று தெரியாதவரின் அவசரம் அதில் இருந்தது.

அவசரத்தில் ஒரே வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டார்.

பரிதியின் காது அதைப் பிடித்துக்கொண்டது. எந்தக் கல்யாண வீடியோவிலும் கிடைக்காதது. ஆரோனிடம் சரக்குத் தீர்ந்துகொண்டிருந்தது.

பரிதி கையைக் கீழே இறக்கினான்.

ஆரோன் இன்னொரு சுற்று வாசித்தார். புதிதாக ஒன்றும் வரவில்லை. நெற்றியில் வேர்த்து, மீசை மை உதட்டுக்கு இறங்கியது. அவர் பரிதியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். போதும், தட்டுங்க என்று கேட்கிற முகம்.

பரிதி இரண்டு கையையும் கிடார்மேல் வைத்துக்கொண்டான்.

வாசி, என்று நினைத்தான். நன்றாக வாசிக்கிறாயே, வாசி. இத்தனை பேருக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் நில். நான் எத்தனை வருடமாக அப்படி நிற்கிறேன் தெரியுமா.

முன்வரிசைக்காரி கண்ணைத் திறந்தாள். யாரோ இருமினார்கள். ட்ரம்பெட்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பரிதி திரும்பி மாஸ்டரைப் பார்த்தான். அவர் கட்டிய கையைப் பிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரோன் ஒரு கணம் நிறுத்தினார்.

பிறகு வேறு வழியில்லாமல் பல்லவியை வாசித்தார். சோலோவில் யாரும் பல்லவியை அப்படியே வாசிக்க மாட்டார்கள். அவர் வாசித்தார். ஒரு கமகம் இல்லை, ஒரு திருப்பம் இல்லை. நோட்டு பார்த்துப் பழகும் பிள்ளை வாசிப்பது போல ஒவ்வொரு சுரமாக வைத்தார். போன ரயில் போகட்டும். நான் நடந்தே வர்றேன்.

பரிதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த மெட்டு இவ்வளவு சின்னது என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. எழுதிய அன்று அது அப்படித்தான் இருந்தது. பூட்டிய ஸ்டேஷனுக்கு வெளியே, சட்டைப் பையில் ஒன்றுமில்லாமல், கத்தாமல் முனகிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்த மெட்டு.

கூட்டத்தில் யாரோ மெதுவாக அதற்குச் சொல் சேர்த்துப் பாடினார்கள். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் அரங்கமே பாடியது, கத்தாமல்.

பரிதியின் கை தானாகப் போய் உச்சந்தலையில் விழுந்தது. பதினெட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள். அவன் பாட வாயைத் திறந்தான். குரல் உடைந்துதான் வந்தது.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஆரோன் அவனைத் தேடி வந்தார். மீசை முழுதும் வெளுத்திருந்தது.

"ரொம்ப நன்றி சார்."

"எதுக்கு?"

"எல்லாரும் எனக்குச் சரக்கு தீர்றதுக்குள்ள தட்டிடுவாங்க. பாவம் பாத்து. நீங்க விட்டீங்க." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அது ரயிலைப் பத்தின பாட்டு இல்லல்ல சார்?"

"இல்ல," என்றான் பரிதி.

"நெனச்சேன்," என்று ஆரோன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். தட்டாமல் இருந்த அந்தக் கையைத்தான் பிடித்தார். பரிதிக்கு அதை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அப்படியே விட்டுவைக்கவும் முடியவில்லை.

அவர் போனதும் மாஸ்டரைத் தேடினான். காலியான மேடையில் அவர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அவர் எனக்கு நன்றி சொல்றார் மாஸ்டர்."

"சொல்லட்டும்."

"நான் அவருக்காக விடல. எல்லார் முன்னாடியும் அவர் அசிங்கப்படணும்னுதான் தட்டாம இருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?" அவனுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. "தெரிஞ்சுமா கையைக் கட்டிட்டு நின்னீங்க? பாவம், அந்த மனுஷன் என்ன பாடு பட்டார். நீங்க தட்டியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். ஏன் தட்டல?"

செலின் மாஸ்டர் கையிலிருந்த நாற்காலியை அடுக்கின்மேல் வைத்தார்.

"உங்க சோலோ நடந்துட்டு இருந்துச்சு சார்," என்றார். "நடுவுல எப்படித் தட்டுறது?"