நண்டு வீட்டு அடுப்பு

மேகம் வந்து கூரையில உக்காந்துட்டுப் போற உயரத்துல, ஒரு மலையில, ஒரு ஊர் இருந்துச்சாம். அந்த ஊர்ல சடச்சின்னு ஒருத்தி. போன மழையில காட்டாறு பொங்கி ஊரையே வழிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பாலம் போச்சு, பாதை போச்சு, சடச்சியோட மூத்த மகளும் போயிட்டா. ஆமாண்டி கண்ணு, போயே போயிட்டா. மிச்சம் இருந்தது இடுப்புல ஒரு கைக்குழந்தை. அடுத்த மழைக்குள்ள அதை எங்க பத்திரமா படுக்க வைக்கிறதுன்னு அவளுக்கு ஓயாத கவலை.

சேதி கேட்டு ராஜா பதறிப்போய், தன் பொண்டாட்டியோட தம்பியக் கூப்பிட்டு, "மச்சான், மேடாப் பாத்து அந்தச் சனங்களுக்கு வீடு கட்டிக் குடு"ன்னு அனுப்புனாரு. வந்தான் அந்த மவராசன். மேட்டைப் பாத்தான். "அடடா, என்ன மண்ணு! ஏலக்காய் போட்டா அள்ளலாமே"ன்னு அதைத் தனக்குன்னு வேலி போட்டுட்டு, கீழ மணலும் கல்லும் கெடந்த சமவெளியில வீடு கட்ட ஆரம்பிச்சான்.

"சாமி, இது ஆறு வந்த தடமாச்சே?"ன்னா சடச்சி.

"ஆறா? எங்க இருக்கு ஆறு? வீடு வேணுமா, வேணாமா?"

புள்ளைக்கு இருமல், வானமும் இருட்டுது, அவ என்ன சொல்லுவா? "வேணும் சாமி"ன்னா. "அப்போ இங்கயே புள்ளைக்குத் தொட்டிலக் கட்டு"ன்னுட்டான் அவன்.

வீடெல்லாம் வெள்ளை வெளேர்னு எழும்புச்சு, ராஜாவும் பாக்க வந்துட்டாரு, வர்ற வழியில மேட்டுல போட்டிருந்த வேலியும் அவரு கண்ணுல பட்டுச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம், கட்டுனவன் கையாலதான் முதல் பால் காய்ச்சணும். மச்சான் மொத வீட்டுல அடுப்பு மூட்டுனான், புஸ்ஸுனு அணைஞ்சுபோச்சு. "வெறகு ஈரம்"னான். ரெண்டாவது வீட்டுல மூட்டுனான், புஸ்ஸு. "காத்து சரியில்ல"ன்னான். மூணாவது சடச்சி வீடு. அங்க மூட்டுனதும் அடுப்புக்குள்ள தண்ணி கொப்புளிச்சு, சாம்பல ஒதுக்கிட்டு ஒரு நண்டு எட்டிப் பாத்து, "யாருடா அது, என் வீட்டுல தீ மூட்டுறது?"ன்னு கேட்டுச்சாம்!

சடச்சி புள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. மச்சான் மட்டும், "ஹி ஹி, நண்டு வந்தா நல்ல சகுனம் அத்தான்"னு இளிச்சான்.

"அப்படியா? அப்போ இந்த மழைக்காலம் முழுக்க நீயும் உன் புள்ளைங்களும் இங்கயே இருங்க"ன்னாரு ராஜா.

"ஐயையோ அத்தான், என் புள்ளைங்களா? வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிருமே!"

அவ்வளவுதான். உண்மை அவன் வாயாலயே வந்துருச்சு. சடச்சி புள்ளையோட அவன் முன்னால வந்து நின்னா. தான் சொன்னத நம்பாமக் கட்டிட்டான்னுதான் அவ இத்தனை நாளும் நெனச்சிருந்தா.

"தெரியுமா உனக்கு?"ன்னு மெதுவாக் கேட்டா. "தெரிஞ்சேவா என் புள்ளைக்கு இங்க தொட்டில் கட்டச் சொன்ன?"

ராஜாவுக்குக் கண்ணு செவந்துபோச்சு. "வேலியப் பிடுங்கு. இந்தக் கல்லையெல்லாம் உன் முதுகுலயே சுமந்து மேட்டுக்கு ஏத்தி, அங்க வீடு கட்டு"ன்னுட்டாரு. சுமந்தான், விழுந்தான், மறுபடி சுமந்தான், மேட்டுல ஒவ்வொரு வீடா எழும்புச்சு. கடைசியா சடச்சி வீட்டு அடுப்புக்கல்லைத் தூக்கிக்கிட்டு அவன் மேடேறவும், பின்னால ஆறு இரைஞ்சுக்கிட்டு வரவும் சரியா இருந்துச்சு. திரும்பிப் பாத்தான், நின்ன மிச்சச் சுவர் ஒண்ணுகூட இல்ல. கல்லோட அப்படியே உக்காந்துட்டான்.

"உக்காராத, அடுப்ப மூட்டு"ன்னா சடச்சி.

மூட்டுனான். இந்தத் தடவை அணையல. ஊரான் புள்ளையும் புள்ளைதான்னு அவனுக்குப் புத்தி வந்துச்சு, மேட்டுல பால் பொங்குச்சு, தொட்டில்ல குழந்தை தூங்குச்சு, நீயும் தூங்கு.