அருளானந்தம் வாங்கிய வேகம்

திருச்சி தில்லைநகரில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருந்தாள் மெகருன்னிசா. வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த அருளானந்தத்துக்கு ஐம்பத்தொன்பது. சிமெண்ட் ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது பேரை விரட்டி விரட்டி வேலை வாங்கிய மனுஷன், இங்கே ஸ்குரூ டிரைவரும் கையுமாக “டீச்சரம்மா, டீச்சரம்மா” என்று நின்றார். தெரிந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அவருக்கு ஒரே மகள், பிரிசில்லா. கனடாவில் இருக்கிறாள். அம்மா செத்த பிறகு அப்பாவின் போனை எடுப்பதே இல்லை. கெஞ்சிக் கூத்தாடியதில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அவரோடு ஆன்லைனில் கேம் ஆட மட்டும் சம்மதித்திருந்தாள். இரண்டு பேருமாக ஒரு மலை ஏறி, உச்சியில் இருக்கும் கொடியைத் தொட வேண்டும். ஹெட்போனில் அவள் குரல் கேட்கும். பாவம், வாரம் முழுக்க அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்ததே அதற்காகத்தான்.

அவருடைய லேப்டாப்போ திக்கித் திணறியது. அவள் பாறையைத் தாண்டிப் போயிருப்பாள், இவர் மரத்தடியிலேயே உறைந்து நிற்பார். மகள் சலித்துப்போய் இதையும் விட்டுவிடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது. லேப்டாப்புக்கு வெளியே வைத்து மாட்டுகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பெட்டியோடு வாங்கிவந்து கடையிலேயே மாட்டிப் பார்த்தார்.

அப்போதும் திக்கியது.

“என்ன டீச்சரம்மா, இவ்வளவு பெரிய கார்டு, இன்னும் தடுக்குதே?”

மெகருன்னிசா லேப்டாப்பையும் கார்டுப் பெட்டியையும் இணைத்த ஒயரைத் தொட்டுக் காட்டினாள்.

“லேப்டாப் சொல்றது இதுலதான் கார்டுக்குப் போகுது. கார்டு வரையற படம் லேப்டாப் திரைக்கு வர்றதும் இதே ஒயர்லதான். ரெண்டும் முட்டிக்குது.”

“அப்போ என்ன பண்றது?”

“தனி மானிட்டரை நேரா கார்டுல மாட்டுங்க. படம் திரும்பி வர வேண்டியதில்ல.”

சொல்லிவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வேகம் கட்டாயம் வேணுமா சார்?”

“என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! என் பொண்ணு எனக்காக நிக்கக் கூடாது டீச்சரம்மா.”

அவள் தனி மானிட்டர் ஒன்றை எடுத்து, கார்டில் மாட்டிக் காட்டிக் கொடுத்தனுப்பினாள்.

திங்கட்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் செத்துக் கிடந்தது.

“இந்தக் கார்டுல ஏதோ கோளாறு. பாருங்க.”

“திக்குதா?”

“இல்ல. பறக்குது.”

“அப்புறம் என்ன சார்?”

“அவ பாதியிலேயே போயிட்டா. கேம்ல இருந்து என் பேரையே எடுத்துட்டா.”

“முன்னெல்லாம் நீங்க உறைஞ்சு நின்னா என்ன செய்வா?”

“திரும்பி வருவா. நான் அசையற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பேசிக்கிட்டிருப்பா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா.”

“நேத்து?”

“நான் முன்னாடி போயிட்டேன். ‘நில்லுங்கப்பா’ன்னா. கொடி கிட்டத்துல தெரிஞ்சுது. ஓடிப் போய்த் தொட்டுட்டுப் பார்த்தா ஆளைக் காணோம்.”

“அவ சின்னப் பிள்ளையா இருந்தப்போ கடைவீதிக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?”

“போவேனே. எல்லாரும் போற மாதிரிதான். நான் முன்னாடி விறுவிறுன்னு போவேன். அவளும் அவ அம்மாவும் பின்னாடி ஓடி...”

அருளானந்தம் பாதியில் நிறுத்தினார்.

மெகருன்னிசா பெட்டியைத் திறந்து, விசிறியைச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் அழுத்திப் பார்த்தாள். திரும்ப மூடி அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

“கார்டுல ஒரு கோளாறும் இல்ல சார்.”