காதில் சிவப்பில்லாத ஆமை

“எல்லா ஆமையும் கண்ணுல படுது. எம்மக ஆமை மட்டும் படலையே, டீச்சர்,” என்றார் சவரிமுத்து.

அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வயது அறுபத்திரண்டு. டீச்சர் தமயந்திக்கு இருபத்தெட்டு. டிப்போவுக்குப் பின்னாலிருக்கும் குளத்தில் ஆமைகளை இனம் பார்த்துக் கணக்கெடுப்பவள். கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயது ஒரு பொருட்டா?

“கடைசியா எப்பப் பாத்தீங்க, ஐயா?”

“பதினாலு வருசமாச்சு. எம்மக ஜெசிந்தா ஆஸ்பத்திரியில கிடந்தா. ஆமையைப் பாத்துக்க வீட்டுல ஆளில்ல. நான்தான் இங்க கொண்டுவந்து விட்டேன்.”

ஜெசிந்தா வீடு திரும்பவில்லை.

“நாளைக்கு வலை போடுறாங்க. வெளிநாட்டு ஆமையெல்லாம் காப்பகத்துக்குப் போயிரும், எம்மக ஆமையும் அந்த சாதிதான். போகட்டும், அதுங்களால நம்மூர் ஆமைக்கு வெயில் காயக்கூட இடமில்ல. ஆனா அதுக்குள்ள ஒரு தடவை பாத்துரணும்.”

“அடையாளம்?”

“காதுல சிவப்புக் கோடு. அப்புறம், கட்டில்லேருந்து விழுந்ததுல ஓட்டோட பின்னோரம் கொஞ்சம் ஒடைஞ்சிருக்கும்.”

தமயந்தி கை நீட்டினாள். தான் ஆமைகளை வரைந்துவைக்கும் நோட்டைக் கொடுத்தார்.

முதல் நாளே அவள் சொன்ன பாடம் ஒன்றுதான். முதலில் படம் வரையணும், பிறகுதான் பெயர். சவரிமுத்து முப்பது வருடம் பஸ் போர்டைப் பார்த்தே பழகியவர். பெயரை எழுதிவிட்டுத்தான் வரைந்தார். ஆனால் வரைந்ததில் பொய் கிடையாது.

ஒரு பக்கத்தைத் திறந்து, பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டினாள்.

“இதுவா? எதிர்க் கல்லுல ஏறி உக்காருமே, அந்தக் கருப்பன். நம்மூர் ஆமை. தினம் முதல்ல வர்றது அதுதான்.”

“பேரைக் கேக்கல. படத்தைப் பாருங்க.”

பார்த்தார். ஓட்டின் பின்னோரத்தில், அவரே பென்சிலால் போட்ட சின்னப் பள்ளம்.

“காதுல சிவப்பு இல்லையே…”

“ஆண் ஆமைக்கு வயசானா சிவப்பு மங்கிரும், ஐயா. உடம்பும் கறுத்துரும்.”

எதிர்க் கல்லில் அது கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

“நாப்பது நாளா எம்முன்னாலதான் உக்காந்திருக்கு,” என்றார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

துண்டை இறக்கிவிட்டுக் கேட்டார்.

“நோட்டுல நம்மூர்னு இருந்தா வலைக்காரங்க விட்டுருவாங்களா?”

“விட்டுருவாங்க. உங்க நோட்டை வச்சுத்தான் பிடிக்கப்போறாங்க.”

சவரிமுத்து நோட்டை வாங்கி, தான் எழுதியிருந்த ‘நம்மூர் ஆமை’யின் மேல் விரல் வைத்தார்.

“ரப்பர் இருக்கா, டீச்சர்?”