கலியபெருமாள் வீட்டில் கறுப்பு பியர் ருசி பார்த்தது

காரைக்காலுக்குத் தெற்கே நெட்டலூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் கலியபெருமாளின் நாக்கு ரொம்பவும் பேர்போனது. ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் கரண்டியில் சாம்பாரை ஊற்றி நீட்ட, அவர் கண்ணை மூடி அரை நிமிஷம் யோசித்துவிட்டு, "சாம்பார்தான்" என்று சொன்னாராம். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

அதனால்தான் அவருடைய மச்சினன் வெற்றிவேலன், பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டுச் சின்னதாக ஒரு பியர் ஆலை தொடங்கியபோது, முதல் பாட்டிலை நேரே மாமாவுக்கு அனுப்பினான். கூடவே போனில் சொன்னான்: "ஸ்டவுட்டுன்னு பேரு மாமா. கறுப்பு பியர். அடுத்த வாரம் இங்கே ஒரு போட்டி இருக்கு. நீங்க நல்லா இருக்குன்னா அனுப்பறேன். இல்லேன்னா தொட்டியோட சாக்கடையில ஊத்திட்டுப் பழைய ஆபீஸ் வாசல்ல போய் நிக்கறேன். உங்க நாக்கை நம்பித்தான் இருக்கேன்."

கலியபெருமாளின் மனைவி ரஞ்சிதம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "என் தம்பி பொழப்பு உங்க வாயில இருக்கு. தனியா முடிவு பண்ணாதீங்க, யாராவது புத்தியுள்ளவங்களைக் கூட வச்சுக்குங்க" என்றாள்.

கலியபெருமாள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் சவரிநாதன், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் தச்சு வேலை செய்யும் தணிகாசலம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மூவரும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாட்டிலோடு வந்த கடிதத்தைக் கலியபெருமாள் உரக்கப் படித்தார்.

"மாமா, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடித்துவிடாதீர்கள். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் மூச்சு விடட்டும். கிளாஸை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து ஊற்றுங்கள். முதலில் மூக்கு, அப்புறம்தான் வாய். வாயில் வாங்கியதும் விழுங்காமல் நாக்கில் உருட்டுங்கள். காப்பி, சாக்லேட், கருகின ரொட்டி, மூன்றும் ஒவ்வொன்றாகத் தெரியும். தெரிந்ததும் எனக்குப் போன் செய்யுங்கள்."

"தெளிவா எழுதியிருக்கான்" என்றார் தணிகாசலம்.

மூடியைத் திறந்தார்கள். பாட்டில் 'புஸ்' என்றது.

"விட்டுடுச்சு" என்றார் கலியபெருமாள்.

"விட்டது சரி. இழுத்துச்சா?" என்று கேட்டார் சவரிநாதன்.

"விடட்டும்னுதானே எழுதியிருக்கான். இழுக்கட்டும்னு எழுதலையே."

"முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்திருக்கேன். விட்ட மூச்சைத் திரும்ப இழுக்கலைன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

சவரிநாதன் பையில் கொண்டுவந்திருந்த பழைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் பாட்டிலின் நெஞ்சில் வைத்தார். பிறகு முதுகில் வைத்தார். பாட்டிலுக்கு முதுகு எந்தப் பக்கம் என்று முதலில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. லேபிள் ஒட்டாத பக்கம் என்று தணிகாசலம் தீர்த்து வைத்தார். சவரிநாதன் காதிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டுக் கையை விரித்தார்.

கலியபெருமாள் பாட்டிலின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். ரஞ்சிதத்துக்கு எப்படிச் சொல்வது? தம்பி ஆசையாக அனுப்பியது, தன் வீட்டுக்கு வந்தா இப்படி ஆகவேண்டும்? மூவரும் எழுந்து தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். தணிகாசலம் மட்டும் துக்கம் தாங்காமல் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

பாட்டிலின் வாயில் நுரை பொங்கியது.

"நுரை தள்ளுது! உசிரு இருக்கு!" என்று கத்தினார் சவரிநாதன். "சீக்கிரம் ஊத்துங்க!"

அவசரத்திலும் யாரும் கடிதத்தை மறக்கவில்லை. தணிகாசலம் தச்சு மூலைமட்டத்தை வைத்துக் கோணம் அளந்து சொல்ல, கலியபெருமாள் கிளாஸைச் சரியாக நாற்பத்தைந்து டிகிரி சாய்த்துப் பிடித்தார். சவரிநாதன் ஊற்றினார். கறுப்பாக, கெட்டியாக இறங்கியது. பாதிக் கிளாஸ் நிறைந்ததும் மீதி விளிம்பு தாண்டித் தரையில் ஓடியது.

"கிளாஸை நிமிர்த்தலாமா?" என்றார் கலியபெருமாள்.

தணிகாசலம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "சாய்க்கச் சொல்லியிருக்கு. நிமிர்த்தச் சொல்லலை."

ஆகவே மூன்று கிளாஸும் சாய்ந்தே இருந்தன. கிளாஸோடு ஒத்துப்போகட்டும் என்று மூவரும் தாங்களும் நாற்பத்தைந்து டிகிரி இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அந்த நேரம் ஒரு தட்டு முறுக்கோடு உள்ளே வந்த ரஞ்சிதம், வீடுதான் சாய்கிறதோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல மூக்கு" என்றார் கலியபெருமாள்.

மூவரும் மூக்கை உள்ளே விட்டு ஒரே இழுப்பாக இழுத்தார்கள். அடுத்த ஐந்து நிமிஷம் நடந்த தும்மலில் முறுக்குத் தட்டு காலியாகி, முறுக்கெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கிடந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கலியபெருமாள், "மூக்குக்கு ஒத்துக்கலை. ஆனா மரியாதைக்குக் குடிச்சாச்சு" என்றார்.

பிறகு வாய். ஆளுக்கு ஒரு வாய் வாங்கிக் கன்னம் உப்ப வைத்துக்கொண்டு உருட்டினார்கள். கலியபெருமாள் வலமிருந்து இடமாக உருட்டினார். சவரிநாதன் மேலிருந்து கீழாக. தணிகாசலம் சும்மா தலையையே உருட்டினார்.

பேச முடியாததால் தணிகாசலம் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் எழுதினார்: 'காப்பி வந்தது.' மற்ற இருவரும் தலையசைத்தார்கள். கால் மணி கழித்துச் சவரிநாதன் எழுதினார்: 'சாக்லேட் வந்தது.' தலையசைத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

கலியபெருமாள் எழுதினார்: 'ரொட்டி எங்கே?'

சவரிநாதன் எழுதினார்: 'பெங்களூரிலிருந்து வரவேண்டாமா? தாமதம் ஆகும்.'

அரை மணி ஆயிற்று. கன்னம் மரத்துப்போயிற்று. ரொட்டி வராமல் விழுங்கினால் பாவம் அந்தப் பையன் பிழைப்புப் போய்விடும் என்று கலியபெருமாள் கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தார். ரஞ்சிதம் மீண்டும் எட்டிப் பார்த்து, "எப்படிங்க இருக்கு?" என்றாள். கலியபெருமாள் மேஜையைச் சுட்டிக் காட்டினார். மேஜையைப் பார்த்தாள். 'ரொட்டி எங்கே?' என்று இருந்தது. "வாய் திறந்து கேட்டா என்ன, எழுதித்தான் கேட்கணுமா?" என்று முனகிக்கொண்டே போய்த் தோசைக்கல்லில் நாலு ரொட்டித் துண்டைப் போட்டாள். போட்டவள், ஜன்னலுக்கு வெளியே கிடந்த முறுக்கைக் கண்டு பொறுக்கப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் வீடு முழுக்கக் கருகல் நாற்றம்.

மூன்று பேர் முகமும் மலர்ந்தது. வந்துவிட்டது! கலியபெருமாள் பாய்ந்து போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டார். போன் செய்யத்தான் கடிதத்தில் சொல்லியிருந்தது, விழுங்கச் சொல்லியிருக்கவில்லை.

"மாமா, எப்படி இருக்கு?" என்றான் வெற்றிவேலன்.

"ம்ம்ம்ம்ம்" என்றார் கலியபெருமாள்.

"நிஜமாவா மாமா?"

"ம்ம்ம்ம்ம்!"

"கூட இருக்கறவங்களுக்கும் பிடிச்சுதா?"

போனை நீட்டினார். "ம்ம்ம்ம்ம்ம்" என்று இரண்டு குரலில் வந்தது.

அந்தப் பக்கம் வெற்றிவேலன் விசும்பினான். "பேச்சே வரலையா மாமா? எல்லாரும் கிறுக்கன்னு சொன்னாங்க. அந்தக் கசப்பையெல்லாம் இப்பவே முழுங்கிட்டேன்."

"முழுங்கிட்டேன்" என்பது காதில் விழுந்ததும் மூவரும் ஒன்றாக மடக்கென்று விழுங்கினார்கள்.

வெற்றிவேலன் போட்டிக்குப் போனான். இரண்டாம் பரிசு வாங்கினான். ரஞ்சிதம் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். நன்றிக்கு அடையாளமாகப் பன்னிரண்டு பாட்டில் ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தது. பெட்டியின் மேல், 'இருட்டான, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று இருந்தது.

"ஃப்ரிட்ஜ்" என்றார் தணிகாசலம்.

கலியபெருமாள் ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. மூடிவிட்டுத் திடீரென்று திறந்தார். அப்போதும் எரிந்தது. பதினாறு தடவை திறந்து பார்த்தார்கள். "ராப்பகலா எரியுது. இது சரிப்படாது" என்றார் சவரிநாதன்.

இருட்டும் குளிரும் சேர்ந்து எங்கே கிடைக்கும் என்று விடிந்ததிலிருந்து விவாதித்து, பகல் பன்னிரண்டு மணிக்குக் கண்டுபிடித்தார்கள். பஸ் ஏறி ஏசி தியேட்டருக்குப் போய், மதியக் காட்சிக்குப் பன்னிரண்டு டிக்கெட் எடுத்தார்கள். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் நெட்டலூர்க்காரர்தான். பாட்டில்களையும் டிக்கெட்டுகளையும் ஒத்துப் பார்த்து, சரியாக இருந்ததால் உள்ளே விட்டார். நாற்காலிக்கு ஒரு பாட்டிலாக உட்கார வைத்துவிட்டு, தங்கள் உடம்புச் சூட்டில் குளிர் கெட்டுவிடக் கூடாது என்று மூவரும் வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். இடைவேளையில் விளக்குப் போட்டபோது மட்டும் ஓடிப்போய்த் துண்டால் மூடிவிட்டு வந்தார்கள்.

படம் விட்டது. முதலில் வந்தவரிடம் கலியபெருமாள், "படம் எப்படிங்க?" என்று விசாரித்தார்.

"ஒரே சோகம்" என்றார் அவர்.

பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்ததும் பார்த்தால், பன்னிரண்டு பாட்டில் மேலும் தண்ணீர் முத்துமுத்தாகக் கோத்து, கழுத்திலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

கலியபெருமாளுக்கு மனசு கேட்கவில்லை. தியேட்டர் படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் மடியில் வைத்துத் துண்டால் துடைத்துவிட்டு, குனிந்து மெல்லச் சொன்னார்:

"அழக்கூடாது. அதெல்லாம் நடிப்பு. செத்தவன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்."