ஏழு புறா இருந்த பைனாகுலர்

நாரைமேட்டில் ஓர் ஏரி உண்டு. ஏரி நிறையப் பறவை உண்டு. அதற்கெல்லாம் சேர்த்துக் கவலைப்பட ஊராட்சித் தலைவி பூங்காவனம் உண்டு.

போன வாரம் வனத்துறை அதிகாரி வந்தார். "ஞாயித்துக்கிழமை காலையில வருவேன். ஒரு பைனாகுலர் வாங்கி, அதுல தெரியிற பறவைங்களை எண்ணி வைங்க. ஐந்நூறு இருந்தா ஏரியைப் பறவைக்கே விட்டுடலாம். இல்லேன்னா மீன் குத்தகைக்குப் போயிடும். வலையும் படகும் வந்தா ஒரு கொக்குகூடத் தங்காது" என்றார்.

அன்றிலிருந்து பூங்காவனத்துக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் வார்டு உறுப்பினர்கள் ஏழுமலையையும் கன்னியப்பனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினாள்.

பைனாகுலர் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "இது வெளிநாட்டுல வேட்டைக்குன்னே செஞ்சது. இது பறவை பார்க்கிறதுக்கு. எது வேணும்?"

மூவரும் மூலைக்குப் போய் ஆலோசித்தார்கள்.

"வேட்டைக்குன்னா, பார்த்தாலே சுட்டுடுமோ?" என்றாள் பூங்காவனம்.

"சோதிச்சுப் பார்த்துடலாம்க்கா" என்று ஏழுமலை வேட்டை பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். எதிரே கறிக்கடை வாசலில் ஓர் ஆடு தழை தின்றுகொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறிக்கடைக்காரர் ஆட்டை அவிழ்த்து உள்ளே இழுத்துப் போனார்.

"அக்கா, ஆட்டை முடிச்சுட்டேன்க்கா" என்று கண்ணிலிருந்து எடுக்காமலே ஏழுமலை பூங்காவனம் பக்கம் திரும்பினான்.

"அடப்பாவி, என்னைப் பார்க்காதடா! ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது!" என்று பூங்காவனம் மேசைக்கு அடியில் புகுந்தாள். கன்னியப்பன் அவன் முகத்தில் துண்டைப் போட்டு மூடிய பிறகுதான் வெளியே வந்தாள்.

பறவை பைனாகுலர் வழியாகக் கன்னியப்பன் வாசலில் நின்று பார்த்தான். தண்ணீர்த் தொட்டி மேல் புறாக்கள் உட்கார்ந்திருந்தன. "அக்கா, இதுக்குள்ள ஏழு புறா இருக்கு!"

கடைக்காரர் பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றை நீட்டினார்.

"அது காலிப் பெட்டி. எங்களுக்குப் புறா இருக்கிறதுதான் வேணும்" என்றாள் பூங்காவனம். அவளை யாராலும் ஏமாற்ற முடியாது.

"உங்க இஷ்டம்மா. மூடியை மட்டும் போட்டே வைங்க" என்றார் அவர், தூசியை நினைத்து.

"பின்னே? திறந்தா பறந்துடாதா?" என்றாள் இவள்.

பஸ்ஸில் அவளுக்கு அடுத்த கவலை வந்தது. "ஏழுதானே இருக்கு. ஐந்நூறுக்கு எங்கடா போறது?"

"ஒண்ணா வெச்சிருந்தா தன்னால பெருகும்க்கா" என்றான் கன்னியப்பன். வீட்டில் பைனாகுலரைக் கோழிக்கூடையில் வைத்து, பக்கத்தில் ஒரு கைப்பிடி கம்பும் தூவி வைத்தாள்.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் மூடியோடு கண்ணில் வைத்துப் பார்த்தாள். ஒரே இருட்டு. "செத்துடுச்சாடா?"

ஏழுமலையும் பார்த்தான். "இல்லக்கா. உள்ள இன்னும் விடியல. தூங்குது."

அந்த நேரம் பார்த்து ஏரியில் நாரைகள் கூச்சல் போட்டன.

"இதுங்க கத்தியே அதுங்களை எழுப்பிடும் போல" என்று பதறினாள் பூங்காவனம்.

"விரட்டிடலாமா? ஆனா அதிகாரி எண்ணச் சொன்னாரே?" என்றான் கன்னியப்பன்.

"பைனாகுலர்ல தெரியிறதைத்தான் எண்ணச் சொன்னார். ஏரியில இருக்கிறதைச் சொன்னாரா?"

இல்லைதான். மூவரும் கரையில் ஓடி ஓடி, சத்தமே வராமல் துண்டையும் முந்தானையையும் வீசினார்கள். ஏரி காலியானது.

அப்போது அதிகாரியின் ஜீப் வந்தது. "என்னம்மா, ஒரு பறவைகூட இல்லையே!"

"மெதுவா பேசுங்கய்யா. எல்லாம் இதுக்குள்ள தூங்குது. வெளியில இருந்ததுங்க ஒரே இரைச்சல். பறவை எண்ண இடைஞ்சலா இருந்துச்சு, விரட்டிட்டோம்."

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டு வீசுவது நின்றதும் பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து இறங்கின. அவர் எழுந்தார். பைனாகுலரை வாங்கி, மூடியைக் கழற்றி, ஒரு மணி நேரம் எண்ணினார்.

"எண்ணூத்திப் பன்னிரண்டு நாரை. ஏரி தப்பிச்சுதும்மா" என்று எழுதிக்கொண்டு புறப்பட்டார்.

ஏழுமலையும் கன்னியப்பனும் குதித்தார்கள். பூங்காவனம் மட்டும் மெல்ல மூடியைப் போட்டு, பைனாகுலரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஏன்க்கா? ஏரிதான் தப்பிச்சுடுச்சே?"

"ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கடா" என்று குரலைத் தாழ்த்தினாள். "ஏழும் புறா. ராத்திரி முழுக்க மூடி போட்டு, என் கண்ணு முன்னாலதான் வெச்சிருந்தேன். பிறந்தது அத்தனையும் நாரையா இருக்கே!"