வெறும் வரிகள்

“டீச்சர், டெர்மினல்ல நடுநடுவுல வெறும் வரியா வருது. அதை எப்படி எடுக்க?” என்று கேட்டார் எபனேசர்.

தூத்துக்குடியில் ஒரு ரத்த வங்கியின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவர் அவர். வயது ஐம்பத்தொன்று. அவர் டீச்சர் என்று அழைத்த மரகதவல்லிக்கு முப்பத்து மூன்று. லினக்ஸ் என்று வந்துவிட்டால் அவள்தான் அவருக்குக் குரு. அதைச் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதே இல்லை.

மூன்று மாதமாக, கட்டளை தட்டும் கறுப்புத் திரையான டெர்மினலின் நிறங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் மனிதர். நீல எழுத்து கறுப்புத் திரையில் தெரியவில்லை, சரிசெய்தார். மஞ்சள் கூசியது, தணித்தார்.

தப்பு நேர்ந்தால் வரும் சிவப்புதான் படுத்தியது. அதைக் கண்டாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். நிறக் கோப்பைத் திறந்து வாரத்துக்குக் கொஞ்சமாகச் சிவப்பைக் குறைத்துக்கொண்டே வந்தார். பாவம், பயந்த சுபாவம்.

இப்போது கண்ணை உறுத்த ஒன்றுமில்லை. வெறும் வரிகள் மட்டும் பாக்கி.

இன்றைக்கு என்ன வேலை என்று அவள் விசாரித்தாள்.

அரிய வகை ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலைப் புதுக் கணினிக்கு மாற்றியாயிற்று, நாலு மணிக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடுவார்கள் என்றார். அப்போது மணி மூன்றரை.

“எல்லாம் வந்துட்டா, அண்ணாச்சி?”

“எல்லாம் பச்சையாத்தான் வந்துச்சு. இந்த வெறும் வரிதான் அசிங்கமா இருக்கு.”

மரகதவல்லி நிறக் கோப்பைத் திறக்கவில்லை. மவுஸை வாங்கி, ஒரு வெறும் வரியின் தொடக்கத்தில் அழுத்தி, கடைசிவரை இழுத்தாள்.

இழுத்த இடம் வெளுத்தது. அதற்குள், கறுப்போடு கறுப்பாகிப்போன சிவப்பு எழுத்துகள் இருந்தன.

பாம்பே குரூப் ரத்தம், நாற்பத்தாறு பேர். நகல் ஆகவில்லை.

பழைய டிஸ்க்கில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று ஃபோனில் சொல்லி முடிப்பதற்குள் எபனேசரின் சட்டை நனைந்துவிட்டது. இந்த மூன்று மாதத்தில் எத்தனை வெறும் வரிகளைத் தாண்டி வந்தோம் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மரகதவல்லி மவுஸைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வெறும் வரியை எடுத்துரவா, அண்ணாச்சி?”

அவர் நிறக் கோப்பைத் திறந்து, சிவப்பை முழுசாக ஏற்றினார். நகலெடுக்கும் கட்டளையை மறுபடி ஓடவிட்டார்.

திரை சிவந்தது. நெஞ்சு படபடத்தது.

கடைசி வரிவரை வாசித்தார்.